10 பேருக்கு உதவித்தொகை, இரு நாட்டு உறவு: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: எங்கள் பல்கலைக்கழகமும் வெளியுறவுத் துறையும் சேர்ந்து ஒரு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்போகின்றன. நட்பு நாடு ஒன்றிலிருந்து ஆண்டுக்கு 10 பேரை அழைத்து இரண்டு வருட முதுநிலைப் படிப்பு படிக்கவைப்பதுதான் யோசனை. 5 ஆண்டுக்கு நிதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரைவு எழுதும் பொறுப்பு என்னுடையது. எவ்வளவு பணம் கேட்பது? யார் தேர்ந்தெடுப்பது? படிப்பு முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா? இன்னும் 8 மாதத்தில் அந்த நாட்டுத் தலைவர் வருகிறார். அப்போது அறிவித்து, அடுத்து வரும் கல்வியாண்டிலேயே முதல் அணியை வரவழைக்கச் சொல்கிறார்கள். நடக்குமா?

பதில்: பணத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வரைவின் முதல் பக்கத்தில் ஒரு கேள்விக்கு விடை எழுதிவிடுங்கள். நாளை இரண்டு அரசுகளுக்கும் மனக்கசப்பு வந்தால், அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு என்ன ஆகும்?

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2018 ஆகஸ்டில் கனடாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் மனித உரிமை தொடர்பான ஓர் அறிக்கையால் சச்சரவு மூண்டது. சவூதி அரசின் செலவில் கனடாவில் படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களை வெளியேறி வேறு நாட்டுக்கு மாறிக்கொள்ளச் சொன்னது அந்த அரசு. ஆய்வேட்டின் நடுவில் இருந்தவருக்கும் அதே உத்தரவுதான். 2020 ஜூலையில் அமெரிக்கா ஓர் ஆணை போட்டு, சீனாவுடனும் ஹாங்காங்குடனும் நடந்துவந்த ஃபுல்பிரைட் என்ற தன் கல்விப் பரிமாற்றத் திட்டத்தை நிறுத்தியது. உறவு கெடும்போது இப்படிப்பட்ட திட்டங்கள்தான் முதலில் கைக்கு எட்டும். வர்த்தகத்தில் கை வைத்தால் இரண்டு பக்கமும் வலிக்கும். பத்து மாணவர்களின் படிப்பை நிறுத்தினால் கேட்க நாதியில்லை. ஆனால் உறவு கெட்ட காலத்தில்தான் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள். நீங்கள் திட்டமிடுவதே அந்த நாளுக்காகத்தான்.

ஆகவே முதல் விதி இது: ஒரு அணிக்கு அனுமதிக் கடிதம் போகும் முன்பே, அந்த அணி படித்து முடிக்கும் வரைக்குமான முழுப் பணமும் தனிக்கணக்கில் வந்துவிட வேண்டும். புதிய அணியை எடுப்பதா வேண்டாமா என்று அரசு ஆண்டுதோறும் முடிவு செய்யட்டும். உள்ளே வந்துவிட்டவரின் உதவித்தொகையைப் படிப்பு, ஒழுங்கு சார்ந்த காரணங்களுக்கு மட்டுமே நிறுத்தலாம், அதையும் பல்கலைக்கழகம் மட்டுமே நிறுத்தலாம் என்று புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிதித்துறை இதற்கு முகம் சுளிக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு எந்த இடத்தில் சமரசம் செய்தாலும் பரவாயில்லை.

இனி பணம். ஆண்டுக்கு 10 பேர் என்பதை நிதித்துறை 10 பேரின் செலவு என்றே படிக்கும். இரண்டு வருடப் படிப்பில் முதல் ஆண்டு 10 பேர் இருப்பார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து 20 பேர். ஐந்தாவது அணி படித்து முடிப்பது ஆறாவது ஆண்டில். ஆக, 5 ஆண்டுத் திட்டம் என்பது 6 ஆண்டுத் திட்டம். மொத்தம் 50 மாணவர்கள், 100 மாணவர்-ஆண்டுச் செலவு. இந்த ஒரு வரியை அட்டவணையாகப் போட்டுக் காட்டாததால் கடைசி அணியின் இரண்டாம் ஆண்டுக்குப் பணம் தேடி அலைய நேர்கிறது. முனைவர் பட்டத்தையும் சேர்க்கலாமே என்று யாராவது இடையில் சொல்வார்கள். நான்கு ஆண்டு ஆய்வு என்றால் ஒரே நேரத்தில் 40 பேர். முதல் சுற்றில் வேண்டாம்.

தலைக்கு என்ன செலவு என்று போடும்போது கல்விக் கட்டணம், மாதப்படி, விமான டிக்கெட், விசா, காப்பீடு இவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நினைவுக்கு வராதது முதல் மாதம். மாணவர் வந்து இறங்குகிறார். மாதப்படி வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு வீட்டு வாடகை ஒப்பந்தம் வேண்டும். அதற்கு முன்பணம் வேண்டும். முன்பணம் கொடுக்கக் கையில் காசு இல்லை, ஏனென்றால் மாதப்படி இன்னும் வரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா அனுப்பிவிடுவார். அரசுப் பள்ளி ஆசிரியரின் மகள் கடன் வாங்கித்தான் வருவார், அல்லது வராமலே போவார். ஒரு மாதப்படிக்குக் குறையாத வருகைப்படியை இறங்கிய முதல் வாரத்தில் கையில் கொடுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு விடுதி அறையை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். மொத்தச் செலவில் இது சின்னத் தொகை. உங்கள் நாட்டைப் பற்றி அந்த மாணவர் தன் வீட்டுக்குச் சொல்லும் முதல் செய்தி இதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

நாணய மதிப்பு ஏறி இறங்கும், கல்விக் கட்டணம் ஆண்டுதோறும் உயரும். மொத்தத்தில் ஒரு பத்து சதவீதத்தை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். பல்கலைக்கழகம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முன்வந்தால் நல்லது; அந்த இடங்கள் எந்தத் துறைகளில் என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் சேராத துறைகளை நிரப்பிக்கொள்ள உங்கள் திட்டத்தைப் பயன்படுத்தும் ஆசை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வரும்.

5 ஆண்டு நிதியைப் பற்றி இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கொடுக்கும் ரோட்ஸ் உதவித்தொகை 1902-ல் ஒரு உயிலில் பிறந்தது. இன்றும் நடக்கிறது, காரணம் அதற்கென மூலதனம் இருக்கிறது; அதன் வருமானத்தில் திட்டம் ஓடுகிறது. அமெரிக்க மாணவர்களை அயர்லாந்துக்கு அனுப்பிய மிட்செல் உதவித்தொகைக்கு நல்ல பெயர், நல்ல முன்னாள் மாணவர்கள் எல்லாம் இருந்தும், 2024-ல் நிதி போதாமல் புதிய தேர்வை நிறுத்திவைத்தார்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்வதாக வைத்தால், 1 கோடி செலவுக்கு 25 கோடி மூலதனம் வேண்டும். முதல் நாளே அது கிடைக்காது. ஆனால் அரசு நிதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலதனத்துக்கு ஒரு கணக்கைத் திறந்து, நிறுவனங்களையும் தனி நன்கொடையாளர்களையும் அதில் போடச் சொல்வது நடக்கக்கூடியதுதான். நிதி தீரும் ஆண்டில் போய்க் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

தேர்வு யார் கையில்? இதில் பல முறைகள் நடைமுறையில் இருக்கின்றன. ஜப்பான் அரசின் உதவித்தொகைக்குத் தூதரகப் பரிந்துரை ஒரு வழி: முதல் வடிகட்டல், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தூதரகத்தில் நடக்கும். ஃபுல்பிரைட் 1946-ல் போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தில் தொடங்கியது. பல நாடுகளில் அதை நடத்துவது இரு நாட்டவரும் சேர்ந்து உட்காரும் ஆணையம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். உங்கள் அளவுக்கு ஏழு பேர் குழு போதும்: இரண்டு நாட்டிலிருந்தும் கல்வியாளர்கள் இருவர் இருவர், பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை செய்யும் ஒருவர், இரு அரசுகளிலிருந்தும் ஒவ்வொருவர். அரசின் ஆட்கள் உட்காரட்டும், பேசட்டும், பெரும்பான்மை மட்டும் அவர்களிடம் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் மூன்றாவது ஆண்டிலேயே பட்டியலில் அமைச்சர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அதை அந்த நாட்டு மக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருடைய நட்பைச் சம்பாதிக்கத் திட்டம் போட்டீர்களோ அவர்களிடமே கெட்ட பெயர் வரும்.

விண்ணப்பப் படிவத்தில் 'நம் இரு நாட்டு உறவை எப்படி வலுப்படுத்துவீர்கள்?' என்ற கேள்வியைப் போட்டுவிடாதீர்கள். எல்லாப் படிவத்திலும் இது இருக்கிறது, எல்லோரும் ஒரே பதிலை எழுதுகிறார்கள்: கலாசாரப் பாலம், நல்லெண்ணத் தூதர், பரஸ்பரப் புரிதல். படிப்பவருக்கு யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: 'உங்கள் ஊரில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். அதில் எங்கள் நாட்டில் யாருடன், எந்தத் துறையில் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள், ஏன்?' ஒருவர் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி எழுதுவார், இன்னொருவர் தாய்மொழியில் சட்டம் சொல்லித்தருவதைப் பற்றி எழுதுவார். அந்த விண்ணப்பங்களில் ஆள் தெரிவார். பத்து ஆண்டு கழித்தும் அந்த வேலை இரண்டு நாட்டையும் பிணைத்துவைத்திருக்கும். விருந்தில் எடுத்த குழுப்படம் அப்படி வைத்திருக்காது.

தலைநகரத்துக்கு வெளியே இருப்பவரும் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் இரண்டு கதவைத் திறந்து வையுங்கள். மொழித் தேர்வுக் கட்டணத்தை இறுதிப் பட்டியலில் வருபவர்களுக்குத் திட்டமே கட்டட்டும். நேர்காணலை இணையவழியில் வையுங்கள். மொழி தடையாக இருக்கும் என்றால் துருக்கியும் தென் கொரியாவும் செய்வதைப் பாருங்கள்: பட்டப்படிப்புக்கு வருபவருக்கு முதலில் மொழி படிக்கவே கால அவகாசம் கொடுக்கிறார்கள். செலவு கூடும்தான். ஆனால் கடைக்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தவர் திரும்பிப் போகும்போது எடுத்துப்போவது வேறு.

நாடு திரும்பும் நிபந்தனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையில் ஓராண்டு முதுநிலை முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். பரிமாற்றத் திட்டங்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் ஜே-1 விசாவில் வரும் பலருக்கும் அதேபோல இரண்டு ஆண்டு விதி உண்டு. அனுப்பும் நாட்டின் பார்வையில் இது நியாயம். தன் நல்ல பிள்ளைகளை ஒரேயடியாக இழக்க எந்த நாடும் விரும்பாது. ஆனால் திரும்பாவிட்டால் முழுத் தொகையையும் கட்டு என்று பத்திரம் எழுதி வாங்குவதை நான் ஏற்கவில்லை. பணம் உள்ளவர் கட்டிவிட்டுப் போய்விடுவார், இல்லாதவர் மட்டும் மாட்டிக்கொள்வார். இரண்டு ஆண்டு நிபந்தனையோடு, முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தாலோ சொந்த நாட்டில் போர், துன்புறுத்தல் என்று வந்தாலோ விலக்கு உண்டு என்றும் எழுதிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் திட்டம் ஒரு வழிப் பாதையாக இருக்கிறது. அவர்கள் வருகிறார்கள், உங்கள் பிள்ளைகள் யாரும் அங்கே போவதில்லை. கொடுப்பவர், வாங்குபவர் என்று நிலைத்துவிட்டால் அந்த உறவில் ஒரு மூலையில் கூச்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பத்தில் இரண்டு இடத்தையாவது எதிர்த்திசைக்கு மாற்றுங்கள். அங்கே படிப்பது உங்கள் மாணவருக்கு இறக்கம் என்று யாராவது முணுமுணுத்தால், அந்த எண்ணத்தை மாற்றுவதும் திட்டத்தின் வேலைதான்.

அதேபோல, மாணவர் உங்கள் நாட்டை விமர்சிப்பார். கட்டுரை எழுதுவார், பேரணிக்குப் போவார். 'நாட்டின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தால்' என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க யாராவது முயல்வார்கள். விடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு படித்தவர் ஊர் திரும்பி உங்களைப் பற்றி நல்லது சொன்னால் யார் நம்புவார்கள்?

பலன் எப்போது தெரியும் என்று மேலிடத்தில் கேட்பார்கள். சீனா இழப்பீடாகக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை 1909 முதல் அமெரிக்கா சீன மாணவர்களின் படிப்புக்குத் திருப்பிவிட்டது. அதில் 1910-ல் போனவர்களில் ஹூ ஷி ஒருவர். கார்னெலிலும் கொலம்பியாவிலும் படித்தார். அவர் அமெரிக்காவுக்கான சீனத் தூதரானது 1938-ல். நடுவில் 28 ஆண்டு. அமைச்சர்களை எண்ணும் அறிக்கைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். படிப்பு முடிந்த பிறகு மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் இதைக் கேளுங்கள்: படித்த துறையில்தான் வேலை செய்கிறாரா? இங்கே யாரோடாவது இன்னும் சேர்ந்து வேலை நடக்கிறதா? தம்பி தங்கையை, சக ஊழியரை விண்ணப்பிக்கச் சொன்னாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் எதையும் மறைக்காது.

இதையெல்லாம் கேட்க ஒரு ஆள் வேண்டும். முன்னாள் மாணவர் தொடர்புக்கென முழுநேர ஊழியர் ஒருவரை முதல் அணி வரும் நாளிலேயே நியமித்து, அவர் சம்பளத்தை ஆறாம் ஆண்டுக்குப் பிறகும் நான்கு ஆண்டுக்கு வரைவிலேயே போட்டுவிடுங்கள். தூதரகத்தில் ஆட்கள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வைத்திருக்கும் பட்டியலும் கூடவே காணாமல் போகும்.

சரி, 8 மாதம். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். விசாவுக்கும் தங்குமிடத்துக்கும் இரண்டு, மூன்று மாதம். பல்கலைக்கழக அனுமதிக்கு இரண்டு மாதம். விண்ணப்பங்களைச் சரிபார்த்து நேர்காணல் முடிக்க மூன்று மாதம். விண்ணப்பம் திறந்திருக்க மூன்று மாதமாவது வேண்டும், இல்லாவிட்டால் செய்தி தலைநகரத்தைத் தாண்டிப் போகாது. அதற்கு முன் ஒப்பந்தம், குழு, நிதிக்கணக்கு எல்லாவற்றுக்கும் அரை ஆண்டு. மொத்தம் பதினாறு, பதினேழு மாதம் வருகிறது. ஆகவே தலைவர் வரும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், குழுவின் பெயர்களை அறிவியுங்கள், விண்ணப்பத் தேதியைச் சொல்லுங்கள். முதல் அணி அதற்கடுத்த கல்வியாண்டில் வரட்டும். மேடையில் நிறுத்த மாணவர்கள் வேண்டும் என்று அழுத்தம் வந்தால், அந்த நாட்டுப் பேராசிரியர்கள் நால்வரை இரண்டு வார வருகைக்கு அழையுங்கள். எந்தத் துறைகளில் இடம் ஒதுக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடலாம், தேர்வுக்குழுவுக்கும் அவர்களிலேயே இருவர் கிடைப்பார்கள்.