ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தை மோட்சத்திற்குப் போகுமா?

இப்படியொரு கேள்வியை யாரும் பொழுதுபோக்காகக் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலோ உறவிலோ அத்தகைய இழப்பு நேர்ந்திருக்கிறது என்று கருதியே இந்தப் பதிலை எழுதுகிறேன். போகும் என்றே நான் நம்புகிறேன். அப்படி நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையும் இன்று சொல்கிறது. அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர 39 ஆண்டுகள் ஆயின.

எனக்கு மூத்த அண்ணன் 1968-இல், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், வீட்டிலேயே பிறந்தான். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே' என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆச்சி செம்பில் தண்ணீர் மொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அப்போது நடப்பில் இருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. ஆகவே கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஓர் உடைமரத்தடியில், சாமியாரும் செபமும் இல்லாமல் தாத்தாவே குழி தோண்டி அவனைப் புதைத்தார்.

ஒவ்வொரு நவம்பர் 2 அன்றும் கல்லறைத் திருநாளுக்கு அம்மா எங்களை அழைத்துப் போவார். உள்ளே தாத்தா, ஆச்சி கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிய பின், ஒரு திரியை மட்டும் முந்தானையில் மறைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி வெளியே போவார். அங்கே கடற்காற்று நேராக அடிக்கும். மணலைக் கையால் பறித்து, திரியை நட்டு, காற்று வரும் பக்கம் ஒரு சிரட்டையைச் சாய்த்து வைப்பார். வீட்டில் மாலைச் செபமாலை முடிந்து, இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி வேண்டும்போது, கடைசிப் பெயருக்குப் பிறகு சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டே சிலுவை அடையாளம் போடுவார். அந்த மௌனம் யாருக்கானது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

'தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவன் இறையாட்சிக்குள் நுழைய முடியாது' என்ற பொருள்பட யோவான் நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதே இதற்கெல்லாம் அடிப்படை. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன், இத்தகைய குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக மென்மையானது என்றார். அதை ஏற்க மனம் ஒப்பாத இடைக்கால இறையியலார், துன்பமும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையைச் சொன்னார்கள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை. ஆயினும் எங்கள் ஊர் ஞானோபதேச வகுப்பில் மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் ஆகியவற்றுக்கு இணையாக அதையும் மனப்பாடம் செய்வித்தார்கள். என் மனக்குறை அதுதான்.

1992-இன் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி, 'சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்' என்ற இயேசுவின் சொல்லை நினைவூட்டி, இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தையின் இசைவோடு வெளியிட்ட ஆவணம், லிம்போ மீட்பை அளவுக்கு மீறிக் குறுக்கும் பார்வை என்றும், இவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றும் கூறியது. அது எதிர்நோக்கே தவிர உறுதியான அறிவு அன்று என்றும் அந்த ஆவணமே சொல்கிறது. இதைச் சுட்டிக்காட்டி என்னைத் திருத்த வருபவர்களிடம் நான் வழக்காட வரவில்லை. லிம்போ விவிலியத்திலேயே இல்லை என்று மற்றச் சபைச் சகோதரர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் என் அம்மா இருந்தது இந்தச் சபையில். அவருக்கு ஆறுதல் இங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அந்தச் செய்தியை நான் படித்துக் காட்டியபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா எம்புள்ள எங்கய்யா இருந்தான்?" என்று கேட்டார். "கடவுள்கிட்டதாம்மா இருந்தான்," என்றேன். அவர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். அன்று மாலைச் செபத்தில், ஆச்சி பெயருக்குப் பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஓர் ஆண்பிள்ளைப் பெயரைச் சொன்னார்.

உங்கள் குழந்தையின் அடக்கம் இன்னும் நடக்கவில்லை என்றால், தயவுசெய்து உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்கு முன்னரே குழந்தை இறந்திருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1183-ஆம் பிரிவு சொல்கிறது. அத்தகைய குழந்தைக்கென்றே அடக்கச் சடங்கு நூலில் தனிச் செபங்களும் உள்ளன. முடியாது என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைக்கு ஒரு பெயரும் வையுங்கள்.