தூதரகப் பணிக்குப் பின் உரை எழுதும் ஆலோசகராவது: பதில்

தூதரகப் பணிக்குப் பின் நீங்கள் எழுதித் தரும் உரைகளை ‘அலுவலகக் குறிப்பு போலிருக்கிறது’ என்று நிறுவனத் தலைவர்கள் திருப்பி அனுப்புவது ஏன், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத் தவிர்க்க, பேசுபவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முதல் பத்தியிலேயே ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லிவிடுங்கள்.

தூதரக அறிக்கைகளும் கூட்டறிக்கைகளும் எவரையும் புண்படுத்தாமல், எந்த உறுதியும் தராமல் எழுதவே பல ஆண்டுகளாக நம்மைப் பழக்கிவிடுகின்றன என்பதே உரைகள் அப்படித் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம். மறுபடி படிக்க வாய்ப்புள்ள அதிகாரிக்கு அது போதும், ஒரே முறை காதால் கேட்கும் அரங்கத்துக்குப் போதாது.

வரைவை உரக்கப் படித்து, மூச்சு முட்டும் வாக்கியங்களையும், செய்தவர் யாரென்று சொல்லாத வினைகளையும் அடிக்கோடிடுங்கள். பக்கம் முழுவதும் கோடுகளாக இருந்தால், திருத்த முயலாமல் புதிதாக எழுதுவதே நல்லது.

இதே பாதையில் சென்ற ஒருவரைப் பாருங்கள்: சரயேவோ, பெல்கிரேட், வார்சா நகரங்களில் பிரிட்டன் தூதராக இருந்த சார்ல்ஸ் கிராஃபோர்ட், 2007இல் பணியிலிருந்து விலகி உரை ஆலோசகராகவும் எழுத்தாளராகவும் ஆனவர். ஆனால் 1980களிலேயே வெளியுறவு அலுவலகத்தில் அவர் உரை எழுதியவர். அந்தப் பயிற்சி நமக்கு இருந்ததா என்று பார்த்துத்தான் அவரோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம்: இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்குள் வணிக வேலை ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும், பணிக்கால அறிவைச் சார்ந்த ஆலோசனைத் தொழிலும் அதில் அடங்கக்கூடும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அமைச்சகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.