டிஜே கன்ட்ரோலரில் ஆர்கேட் பட்டன், புது பெயின்ட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாட்டுகளைக் கலந்து ஓட்டும் என் டிஜே கன்ட்ரோலரில் கியூ (பாட்டைக் குறித்த இடத்துக்குக் கொண்டுபோவது), ப்ளே பட்டன்கள் அழுத்தினால் சில நேரம் பதிவதே இல்லை. வீடியோ கேம் மெஷினில் வரும் ஆர்கேட் பட்டனை அந்த இடத்தில் மாட்டலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: மாட்டலாம். ஆனால் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, பட்டனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வரும் நாலு கால் டாக்ட் சுவிட்ச் இருந்தால் வேலை சுலபம். கார்பன் பொட்டு வைத்த ரப்பர் இருந்தாலும் செய்யலாம். ஆனால் போர்டில் அந்த இடத்தில் கார்பன் பூசியிருந்தால் சால்டர் ஒட்டாது. போர்டில் ஓடும் செம்புத் தடம் எந்தத் துளைக்குப் போகிறது என்று பார்த்து அங்கே பற்றவையுங்கள். அழுத்தத்துக்குத் தக்கபடி சத்தம் ஏறி இறங்கும் பேடு (விரலால் தட்டும் ரப்பர் சதுரம்) என்றால் கை வைக்காதீர்கள். அங்கே இருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார். ஆர்கேட் பட்டனால் ஆன், ஆஃப் மட்டும்தான் சொல்ல முடியும்.

டாக்ட் சுவிட்சின் நாலு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே சேர்ந்திருக்கும். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களை எடுத்துக்கொண்டால் தப்பாது. மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்துச் சோதியுங்கள்: அழுத்தினால் மட்டுமே சத்தம் வர வேண்டும். 28 கேஜ் ஒயர் போதும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி, ஒரு காலுக்கு 2 அல்லது 3 விநாடி. அதற்கு மேல் சூடு பட்டால் தடமே போர்டை விட்டுப் பெயர்ந்து வந்துவிடும். ஆறியதும் ஹாட் க்ளூ ஒரு சொட்டு வையுங்கள், ஒயர் இழுபட்டாலும் இணைப்பு தாங்கும். பட்டன் பக்கத்தில் பற்றவைக்கவே வேண்டாம். சூட்டில் பட்டனுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிவிடும். சான்வா கம்பெனியின் 24 மி.மீ. பட்டனுக்கு 2.8 மி.மீ. கிளிப் இருக்கிறது, அதைச் செருகினால் போதும்.

பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கேம் ஸ்டிக்கில் செய்வதுபோல எல்லா பட்டனுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் ஒயர் ஓட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் பட்டன்களை வரிசை, நிரல் என்று கட்டம் கட்டமாகத்தான் இணைத்திருப்பார்கள். பொது ஒயர் ஓட்டினால் கியூவை அழுத்தும்போது வேறு ஏதோ பட்டனும் சேர்ந்து பதியும். ஒரு பட்டனுக்கு இரண்டு ஒயர், தனித்தனியாக. ஓட்டை போடும் முன் உள்ளே ஆழத்தையும் அளந்துவிடுங்கள். கிளிப்போடு சேர்த்து 3 செ.மீ.க்கு மேல் இடம் இல்லையென்றால் மூடி மூடாது.

கேள்வி: கன்ட்ரோலரைத் தொடாமல், 16 பட்டனோடு தனிப் பெட்டி செய்ய என்ன வேண்டும்?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: எங்களைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. அர்டுயினோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) வகையில் ப்ரோ மைக்ரோ போர்டு ஒன்று, 16 பட்டன், மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் 1என்4148 டையோடு 16. நாலுக்கு நாலு கட்டமாக இணைத்தால் 8 பின் போதும். டையோடுக்குக் கஞ்சத்தனம் பார்த்தால், மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நாலாவதும் பதியும். ஊனோ போர்டு வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் அதை நேரடியாக மிடி கருவியாக (இசைக் கட்டளை அனுப்பும் கருவியாக) அடையாளம் காணாது. புரோகிராமில் 5 மில்லி விநாடி டிபவுன்ஸ் (பட்டன் அதிர்வைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வையுங்கள், இல்லையென்றால் ஒரு தட்டு இரண்டாகப் பதியும். மேல்தட்டுக்கு 3 மி.மீ. அக்ரிலிக். பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசரில் வெட்டித் தருவார்கள். ஓட்டை 24 மி.மீ., மையத்துக்கு மையம் 32 மி.மீ. முதலில் துண்டு அக்ரிலிக்கில் ஒரே ஒரு ஓட்டை வெட்டச் சொல்லி பட்டனைப் போட்டுப் பாருங்கள். லேசர் கொஞ்சம் தின்னும். ஓட்டை பெருத்தால் பட்டன் ஆடும்.

கேள்வி: கன்ட்ரோலர் மூடிக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. டப்பா சரியில்லையா?
– வாசகர், ஏற்காடு

பதில்: டப்பாமேல் தப்பில்லை, மூடுபனிதான் காரணம். ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும்; காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது பெயின்டிலேயே படிந்து வெளுக்கும். வெயில் அடிக்கும் நாளில், உலர்ந்த அறையில், மேலே மெலிதாக இன்னொரு கோட் அடித்துப் பாருங்கள்; பல நேரம் வெளுப்பு மறைந்துவிடும். மறையவில்லை என்றால் 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

மலையிலிருந்து இறங்கி சேலத்தில் அடிப்பவர்களுக்குத் தொல்லை வேறு. மே மாத மதியத்தில் அடித்தால் பெயின்ட் துளி காற்றிலேயே காய்ந்து, மூடிமேல் சொரசொரவென்று உட்காரும். காலை 7 மணி முதல் 9 மணிக்குள், ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்திவிட்டு அடியுங்கள்.

முறை இதுதான். நாப் (திருகும் குமிழ்), ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் நெம்பு) மூடிகளை எடுத்து, மேல்மூடியைத் தனியாகக் கழற்றிவிடுங்கள். டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஃபேடர் இடுக்கில் பெயின்ட் இறங்கினால் ஃபேடர் கரகரக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, 600 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பெரும்பாலும் மூடி ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், தின்னரோ அசிட்டோனோ பட்டால் கரையும். பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட், அதன்மேல் நிறம் மூன்று மெல்லிய கோட். 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, கோட்டுக்குக் கோட்டு 10 நிமிடம் விட்டு அடியுங்கள். ஒரே கோட்டில் மூடிவிடப் பார்த்தால் வழியும். கடைசியில் கிளியர் கோட். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனாலும் நன்றாக இறுக ஒரு வாரம் விடுங்கள். அவசரப்பட்டு மாட்டினால் விரல் ரேகை பதிந்துவிடும்.

கேள்வி: பெயின்ட் அடித்தால் பட்டன் பெயர்கள் மறைந்துவிடுமே? ஜாக் வீலுக்கும் (பாட்டைக் கையால் சுழற்றும் வட்டத் தட்டு) அடிக்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தேய்ப்பதற்கு முன்னால் நேராக மேலிருந்து போட்டோ எடுத்துவையுங்கள். எழுத்தை ஒளிபுகும் வினைல் ஸ்டிக்கரில் அச்சடித்து, நிறத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் ஒட்டினால் உரியாது. ஜாக் வீலின் மேல்தட்டு உலோகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பல மாடல்களில் விரல் படுவதை அந்தத் தட்டுதான் உணர்கிறது. பெயின்ட் தடிமனானால் ஸ்க்ராட்ச் செய்யும்போது (தட்டை முன்னும் பின்னும் சுழற்றும்போது) தொடுவது சரியாகப் பதியாது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்துக்குத் தாராளமாக அடிக்கலாம்.