புளி போட்டுத் தேய்த்த பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கல வட்டு ஒன்று இருக்கிறது. சிங்கத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் தாத்தாவுடைய அப்பாவின் பெயர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் இந்திய ராணுவப் பொறியியல் படையில் இருந்தவர், முதல் உலகப் போரில், 1916இல், மெசபடோமியாவில் (இன்றைய இராக்) பதுங்குகுழி வெட்டும்போது குண்டடிபட்டு இறந்தாராம். ஆயா பொங்கலுக்குப் பொங்கல் அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். அங்கே பஸ்ராவில் உள்ள போர் நினைவுச் சுவரில் அவர் பெயர் இல்லை என்கிறார்கள். வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரைக் கொண்டாடலாமா என்றும் குழப்பம்.

ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

போரில் இறந்தவர்களின் வீட்டுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வட்டு அது. 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். ஜெனரலோ சிப்பாயோ, பதவி போடாமல் பெயர் மட்டும். செத்தபின் எல்லாரும் சமமாம்!

1929இல் பஸ்ராவில் சுவர் திறந்தபோது அந்தச் சமம் போன இடம் தெரியவில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான். சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும். ஏன், உங்கள் லாங் பஜார் மணிக்கூண்டிலும் அதே கதைதான்: 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள். யார் யார் என்று இல்லை. இந்தப் பாரபட்சத்துக்காக, போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது.

சுவரில் இல்லாவிட்டால் என்ன, ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். வேலூர் என்று போடாதீர்கள், அன்று அது வட ஆற்காடு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பெயரை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். தேதி கிடைத்தால், மகாளய அமாவாசைக்குப் பொதுவாகப் படைக்காமல் அவர் திதியிலேயே படைக்கலாம்.

அப்புறம் உங்கள் குழப்பம். அந்த வருடம் ஏப்ரல் வரை, மெசபடோமியாவின் கூட் நகரில் துருக்கியர் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் படையை மீட்கப் போய்ச் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 23,000 பேர். டைகிரிஸ் பெருகி வெட்டிய குழியெல்லாம் தண்ணீர். குழி வெட்டுவது பெரும்பாலும் இரவில். மண்வெட்டிச் சத்தம் கேட்டால் அந்தத் திசைக்குச் சுடுவார்கள். கடைசியில் கூட் சரணடைந்தது. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். எனக்கு 'வீரமரணம்' என்று எழுதக் கை வரவில்லை. அதற்காக வெட்கப்படவும் ஒன்றுமில்லை. சம்பளத்துக்குப் போன நம் வீட்டு ஆள், திரும்பி வரவில்லை. படையல் போட இது போதாதா?

ஒன்று மட்டும். இனிமேல் புளி வேண்டாம், உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்த எழுத்துகள் மேடாக வார்த்தவை, தேய்க்கத் தேய்க்க மழுங்கிவிடும்.