குளிசை போட்டு ஓடும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 41 வயது, வங்கி வேலை. அக்காவுக்கு 46. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒன்றரை வருடமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் டயாலிசிஸ் நடக்கிறது. முற்றிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்கிறார்கள். மாற்றுச் சிறுநீரக அலுவலாகக் கண்டிக்குப் போய்வரும் செலவு தாங்க முடியவில்லை. ஆடிக் கடைசியில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்த் திரும்பி 21 கிலோமீற்றர் ஓடுவதாகச் சொல்லியிருக்கிறேன். கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று காசு தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை. ஐந்து கிழமைக்குள் 3 கிலோமீற்றரிலிருந்து 9க்கு வந்துவிட்டேன். கிழமைக்கு நாலு நாள் ஓடுகிறேன். வலது முழங்கால் நோகிறது. ஓடுவதற்கு முதல் டைக்ளோஃபெனக் 50 ஒன்று போட்டால் சமாளிக்கலாம், அது பெரிய பிரச்சினை இல்லை. 13க்கு மேல் தாக்குப்பிடிப்பேனா என்பதுதான் பயம். இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது? எனக்கும் அக்காவுக்கும் ஒரே இரத்தவகை. என்னுடைய பரிசோதனைகளை ஓட்டம் முடிந்த பிறகு செய்வோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
— கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, 13 கிலோமீற்றரைப் பற்றி இப்போது கதைக்கத் தேவையில்லை. "அது பெரிய பிரச்சினை இல்லை" என்று ஒரு வரியில் தாண்டிப் போனீர்களே, அந்தக் குளிசையைப் பற்றிக் கதைப்போம்.

ஐந்து கிழமை, கிழமைக்கு நாலு நாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்று போட்டிருந்தால் இதுவரை 20 குளிசை. அக்காவுக்குச் சிறுநீரகம் வேண்டும் என்று ஓடுகிற நீங்கள், ஓடும் ஒவ்வொரு நாளும் உங்கள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள். மருந்துக்கடையில் கேட்டவுடன் தந்தார்கள் என்பதற்காக அது மிட்டாய் ஆகிவிடாது. இன்றைக்கே நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்? ஓடும்போது உடம்பு இரத்தத்தைக் கால்களுக்கும், சூட்டை வெளியே விடுவதற்காகத் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. வேர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு வரத்து குறைந்துவிடும். அதை ஈடுசெய்ய, சிறுநீரகத்துக்குள் போகும் சிறு குழாய்களை விரித்து வைத்திருக்கும் புரோஸ்ரகிளாண்டின் என்ற பொருளை உடம்பே சுரக்கிறது. தோட்டத்தில் இறைப்புத் தண்ணீர் குறைந்தால் பாத்தி வாயை அகலத் திறந்துவிட ஒருவர் நிற்பாரே, அவர் செய்யும் வேலை இது. டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அசிட் எல்லாமே அந்தச் சுரப்பை அடக்கித்தான் நோவைக் குறைக்கின்றன. தண்ணீர் குறைந்த வேளை பார்த்து, வாய் திறக்கும் ஆளை நீங்களே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். கட்டிலில் படுத்திருக்கும் சுகதேகி ஒருவர் இரண்டு நாள் போடுவது வேறு, யாழ்ப்பாணத்து வெக்கையில் வேர்த்துக்கொண்டு ஓடுகிறவர் கிழமைக்கு நாலு தரம் போடுவது வேறு.

உங்கள் விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அக்காவுக்கு என்ன காரணத்தால் பழுதானது என்று தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரியாதபோது கூடப்பிறந்தவர்களும் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள். அவருக்கு வந்ததற்குப் பரம்பரைத் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாத நிலையில் இத்தனை குளிசை போட்டது வெறும் துணிச்சல்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டிய பரிசோதனைகள் நாலு: இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற கழிவுப்பொருள், அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சலத்தில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம், இரத்த அழுத்தம். வயிற்று ஸ்கான் தேவையா என்பதை டொக்டர் முடிவு செய்வார். போவதற்கு முதல் இரண்டு நாள் ஓட வேண்டாம்; கடும் ஓட்டத்துக்குப் பிறகு சலத்தில் புரதமும் இரத்தத்தில் கிரியேற்றினினும் தற்காலிகமாகக் கூடும். முதல் நாள் இரவு இறைச்சியும் வேண்டாம். அழுத்தம் பார்க்க முதல் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து இருங்கள், அதற்கு அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி குடிக்காதீர்கள். எத்தனை குளிசை போட்டீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிரியேற்றினின் சரியாக வந்தது என்று அத்துடன் திரும்பி வந்துவிடாதீர்கள். சிறுநீரகத்தின் வேலை பாதியளவு குறையும் வரைக்கும்கூட அந்த எண் சரி போலவே காட்டக்கூடும். அதனால்தான் சலப் பரிசோதனையைச் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே வந்தால் திரும்ப எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால்தான் அது நாட்பட்ட நோய். ஒரு தரம் கூடியதைப் பார்த்துக் குடும்பத்தைக் கலக்க வேண்டாம்.

இனி முழங்கால். சிரட்டையைச் சுற்றி அல்லது அதற்குப் பின்னால் நோகிறது, படி இறங்கும்போதும் கனநேரம் இருந்து எழும்பும்போதும் கூடுகிறது என்றால், புதிதாக ஓட வெளிக்கிடும் பெரியவர்களுக்கு மிக வழமையாக வருவது அது. காரணமும் கடிதத்திலேயே கிடக்கிறது: ஐந்து கிழமையில் தூரத்தை மூன்று மடங்காக்கியிருக்கிறீர்கள். மூச்சும் இதயமும் சில கிழமையில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூச்சு இடம் கொடுத்தது என்று ஓடினீர்கள், முழங்கால் மறுத்தது, மறுத்த வாயைக் குளிசையால் பொத்தினீர்கள். வீக்கம் இருந்தாலோ, மூட்டு இறுகி மடங்க மறுத்தாலோ, கால் திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ, இந்தப் பந்தியை விட்டுவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், இரண்டு கிழமை ஓடாமல் தினமும் 30 நிமிடம் நடவுங்கள். சைக்கிள் ஓடலாம், ஆனால் சீற்றை உயர்த்துங்கள்: பெடல் அடியில் நிற்கும்போது கால் கிட்டத்தட்ட நிமிர்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் சீற்றைப் பதித்து வைத்து, ஒவ்வொரு மிதிக்கும் சிரட்டையை நசுக்கிக்கொண்டு போகிறார்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் மூன்று அப்பியாசம், ஒவ்வொன்றும் 12 தரம், மூன்று சுற்று. ஒரு படியில் நின்று மற்றக் காலை மெதுவாக நிலத்துக்கு இறக்கி எடுப்பது. மல்லாந்து படுத்து முழங்கால் மடித்து இடுப்பை உயர்த்துவது. குதியை உயர்த்தி, மூன்று எண்ணி இறக்குவது. நோவுக்குப் பத்தில் எத்தனை என்று நீங்களே ஓர் எண் போடுங்கள். மூன்றுக்குள் நின்று அடுத்த நாள் விடியப் போய்விட்டால் தொடரலாம். கூடினால் ஒரு படி பின்னுக்கு.

மூன்றாம் கிழமை: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்துத் தரம், கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு. நாலாம் கிழமை இரண்டுக்கு இரண்டு, எட்டுத் தரம். ஐந்தாம் கிழமை மூன்றுக்கு இரண்டு, ஆறு தரம். ஆறாம் கிழமை எதையும் கூட்டாமல் அதையே திரும்பச் செய்யுங்கள். ஆட்கள் பொறுமையிழந்து காலைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். பிறகு நாலுக்கு ஒன்று. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனமாகக் கதைக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டி ஓடினால் முழங்காலில் விழும் பாரம் குறையும். சப்பாத்தில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும், ஓடும்போது கால் வீங்கும்.

இந்தக் கணக்கில் ஒன்பதாம் கிழமை நீங்கள் நோவில்லாமல் 3 கிலோமீற்றர் ஓடுவீர்கள். இந்த ஆடியில் 21 இல்லை. அதை இப்போதே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரருக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று கேட்பீர்கள். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பேசியதே பிழையான ஒப்பந்தம், கால் நொந்தாலும் நிற்க விடாத ஒப்பந்தம். அக்கா உங்களுக்கு மட்டும் அக்கா இல்லையே. மருமக்கள், மச்சான், சித்தப்பாவின் பெடியள், வங்கியில் கூட வேலை செய்கிறவர்கள் என்று இன்னும் ஆறு பேரைச் சேருங்கள். ஏழு பேர், ஆளுக்கு 3 கிலோமீற்றர், 21. ஓட முடியாதவர் நடக்கட்டும், 40 நிமிடத்தில் முடியும். ஏழு பேரும் ஒன்றாக வெளிக்கிட்டுப் பாலத்தில் ஒன்றரை கிலோமீற்றர் போய்த் திரும்பினால், விடிய ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஆறரைக்குள் எல்லாரும் கோட்டைப் பக்கம் வந்துவிடலாம். ஒருவர் முழுப் பாரத்தையும் தன் முழங்காலில் வாங்கிக்கொண்டு மற்றவர்கள் ஃபோனில் பார்த்துக் கைதட்டுவதை நான் குடும்பம் என்று சொல்லமாட்டேன். அந்த ஏழு பேரும் ஓட்டத்துக்கு முதல் அழுத்தமும் சலமும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அக்காவுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. மற்றவருக்கும் அப்படி ஆகக்கூடாது.

பண்ணைப் பாலத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே நிழல் கிடையாது. ஆடியில் சோளகக் காற்று அடிக்கும், தீவுப்பக்கம் போகும்போது முகத்தில் அடித்து வேர்வையைக் காயவைக்கும். திரும்பும்போது காற்று முதுகுக்கு வந்துவிடும், வேர்வை காயாது, அப்போதுதான் சூடு ஏறும். தலைசுற்று, குளிர்தல், பேச்சுக் குழறுதல் வந்தால் ஆளை உடனே நிறுத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஓடிய பிறகு சலம் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போனாலும் அன்றே போக வேண்டும். வாகனம் எதிரே வரும் வலப்பக்கமாக ஓடுங்கள்.

தண்ணீருக்குத் தாகம் சொல்கிற கணக்குப் போதும். ஓட முதலும் பிறகும் நிறை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் வேர்வை. நிறை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டீர்கள், அதுவும் ஆபத்து. அரை மணித்தியால ஓட்டத்துக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) தேவையில்லை. எடுத்தால் ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், சின்னப் போத்தலுக்குள் கொட்டிக் கலக்காதீர்கள். ஓட்டம் முடிந்து இளநீர் வெட்டும்போது அக்காவுக்கும் ஒன்று என்று அன்பாக நீட்டிவிடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஜீவனியிலும் இருக்கிறது. டயாலிசிஸ் செய்கிறவரின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

கடைசியாக, ஓட்டம் முடிந்த பிறகு என்று தள்ளி வைத்த பரிசோதனை. சிறுநீரகம் கொடுத்தே ஆகவேண்டும் என்று உங்களை நெருக்க அம்மாவுக்கும் உரிமை இல்லை, ஊருக்கும் இல்லை. உங்களுக்கு மனைவி பிள்ளைகள் இருந்தால் அவர்களோடும் கதைக்க வேண்டும். பரிசோதனைக்குச் சம்மதித்தவர் எந்தக் கட்டத்திலும் பின்வாங்கலாம். ஒரே இரத்தவகை என்பது முதல் படி மட்டும்தான். கூடப்பிறந்தவர்களுக்குள் திசுப் பொருத்தம் முழுதாக அமைவது நாலுக்கு ஒன்று, பாதி அமைவது நாலுக்கு இரண்டு; முழுப் பொருத்தம் இல்லாவிட்டாலும் இன்று மாற்றிப் பொருத்துகிறார்கள். ஒரு சிறுநீரகம் கொடுத்தவரிடம், நீங்கள் இப்போது விழுங்குகிற அதே வகைக் குளிசையை வாழ்நாள் முழுவதும் தவிர்க்கச் சொல்வார்கள். அதையும் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள்.

கிழமைக்குக் கிழமை ஊசி குத்துப்பட்டு, மணிக்கணக்காக இயந்திரத்தோடு படுத்திருக்கிற ஒருவரை, தம்பி என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் காத்திருக்க வைப்பது தகாது. பரிசோதனை முடிவுகள் கையில் வந்ததும் அக்காவின் அடுத்த டயாலிசிஸுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், வங்கியில் லீவு போட்டுவிட்டு. போகிற வழியில் குளிசை போட்டதைச் சொல்லுங்கள், முடிவுகளைக் காட்டுங்கள், கொடுக்க மனம் இருக்கிறதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். இன்னும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.