நான் ஆரம்பித்த குழு என்னிடமே கணக்குக் கேட்கிறது

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 62. பெங்களூரு கே.ஆர்.புரத்தில் மகன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், அதாவது லைன் வீட்டில் பிறந்தவன். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். அப்பாவும் சுரங்கத்தில்தான், நானும் சுரங்கத்தில்தான். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் ஊரில் பலரையும் போல நானும் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பினேன். ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான். ரயிலில் உட்கார்ந்தே தூங்கினேன், ஊரை மட்டும் விடவில்லை. எத்தனையோ பேர் வீட்டை விற்றுவிட்டு ஓடினார்கள்.

கம்பெனி இருந்தவரை சாக்கடை வாரவும் தண்ணீர் விடவும் ஆள் இருந்தது. மூடிய பிறகு லைன்களைக் கேட்க நாதியில்லை. அதனால் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுப்போம். சாக்கடை வாருவோம், பிளீச்சிங் பவுடர் போடுவோம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் மலைபோலக் குவிந்திருக்கும், அதைத்தான் சயனைடு மேடு என்போம். காற்றுக்காலத்தில் அந்த மேட்டுத் தூள் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். அதைத் தடுக்கத் தெருவோரம் புங்கன், வேம்பு வைத்தோம். மேட்டின் மேல் எதை நட்டாலும் எளிதில் வேர் பிடிக்காது, அதனால் கீழே வரிசையாக வைத்தோம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷனும் உண்டு. இதெல்லாம் என் வீட்டு முன்னறையிலிருந்துதான் நடந்தது. அது சுரங்கம் மூடியபோது வந்த பணத்தில் ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய வீடு.

இப்போது குழு இளைஞர்கள் கையில். செயலாளர் என்னோடு சுரங்கத்தில் இறங்கியவரின் மகன். 'மாமா மாமா' என்று என் பின்னால் சுற்றிய பையன். பெங்களூரு மாரத்தஹள்ளியில் பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கி ஐ.டி. வேலை பார்க்கிறான். ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவான். அவனையும் அவன் கூட்டாளிகளையும் நான் 'ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்' என்றுதான் சொல்வேன். அவன் வாட்ஸ்அப்பில், எல்லோரும் பார்க்க, "மாமா, கன்றுக்கும் கம்பி வேலிக்கும் பில் இருக்கா?" என்று கேட்கிறான். நாற்றுக்காரரிடம் கைமாற்றாக வாங்கியதற்கு எவன் பில் கொடுப்பான்? என் கைக்காசு எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியுமா? சுதந்திர தின பேனரில் என் பெயர் கடைசி வரியில், அதுவும் இனிஷியல் தப்பாக. பெங்களூருக்குத் தெருவிளக்கு எரிந்தது 1905இல். அதற்கு முன்னாலேயே, 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று இந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அடுத்தது சாவி. முன்னறையில் குழுவின் சாமான், பிள்ளைகளின் புத்தகம், போர்டு எல்லாம் இருக்கிறது. சாவியைக் கொடுங்கள் என்றார்கள். நான் வந்து திறக்கிறேன் என்றேன். வீட்டுக்காரிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் சில வாரம் போக முடியவில்லை. அதற்குள் புது போர்டு வாங்கி வேறு இடத்தில் டியூஷனை ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் கொஞ்ச நாள் போர்டு இல்லாமல் உட்கார்ந்தால் குடியா முழுகிவிடும்? சாவியைக் கேட்பதென்றால் என் மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்? (வீட்டை வாடகைக்கு விட மகன் ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறான். போன தீபாவளிக்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. அது தனிக்கதை, அதைப் பற்றி நான் எழுத வரவில்லை.) பில் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மேடம். என்னிடம் பில்!

ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. படுத்தபடி அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "விடுங்களேன்" என்கிறாள் வீட்டுக்காரி. அவளுக்கென்ன, இங்கே பார்க்கில் நாலு தமிழ்க்காரம்மாக்களைப் பிடித்துவிட்டாள். கணக்கு நோட்டை அவன் முகத்தில் எறிந்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிடலாமா? நீங்களே சொல்லுங்கள், தப்பு யார் மேல்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெங்களூரு

*

அன்புள்ள ஐயா,

வணக்கம். பில், பேனர், சாவி என்று மூன்றையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். நடுவில், அடைப்புக்குறிக்குள், 'அது தனிக்கதை' என்று ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பேனரை விட்டுவிடுகிறேன். இனிஷியலைத் தப்பாகப் போட்டது அலட்சியம்தான், உங்களுக்கு வருத்தம் வந்ததில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பேச வேண்டியது அந்தத் தனிக்கதையைப் பற்றி.

நீங்கள் இப்போது ஊரில் இல்லை. கே.ஆர்.புரத்தில் இருக்கிறீர்கள். வீடு தீபாவளிக்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது, வாடகைக்கு ஆள் தயார். ஆனால் உங்கள் கடிதம் முழுக்கப் பேசுகிறவர் ஊரை விடாதவர், ஓடினவர்களைப் பார்த்துக் கோபப்படுகிறவர். முடியும்போது ஊருக்குப் போய் முன்னறையைத் திறந்துவிட்டு, பெங்களூருக்குத் திரும்பி வருகிற ஒருவரை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். மூன்று மணி முழிப்புக்கு அத்தனை வருஷம் ரயிலுக்கு எழுந்த பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முழித்த பிறகு மனம் போய் நிற்கிற இடம் பில் இல்லை என்றே நினைக்கிறேன்.

இதைக் குழுவில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அவர்களைப் பொறுத்தவரை மாமா மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது, சாமான் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். நிலைமை அப்படியிருக்க, சாவி கேட்பதில் அவநம்பிக்கை எங்கே வந்தது?

கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துரத்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு ஓரிடத்தை விட்டுப் போவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'நானாகத்தான் போனேன்' என்று சொல்கிறவருக்கு அது கிடைக்காது. 2001இல் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலிருந்து உத்தரவு வந்தது, தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் நின்றுபோனது. அன்றைக்குக் கோபப்பட எதிரில் ஆள் இருந்தது, கூடவே கோபப்பட ஊரே இருந்தது. இந்த முறை முடிவு உங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. மனைவியின் முழங்கால், மகனின் அக்கறை, உங்கள் வயது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆள் இல்லை. அதனால் பில் கேட்ட பையன் அகப்பட்டுக்கொண்டான்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து ஒருவகை இழப்பைப் பற்றி எழுதி வருகிறார். யாரும் சாகவில்லை, எதுவும் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்படவில்லை, ஆனாலும் ஒன்று கையை விட்டுப் போகிறது. போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களிலும், மறதி நோய் வந்தவர்களின் வீடுகளிலும், இடம்பெயர்ந்தவர்களிடமும் அவர் இதைப் பார்த்தார். செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள். இதற்கு யாரும் வரமாட்டார்கள், நமக்கே இது துக்கம் என்று தெரியாது. அது எரிச்சலாகவும் வீம்பாகவும் வெளியே வரும். பூட்டிய வீடும் மடியில் வைத்திருக்கும் சாவியும் அந்த வகைதான். உங்களைப் பொறுத்தவரை, சாவி கையில் இருக்கும்வரை நீங்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது பிள்ளைகள். 'குடியா முழுகிவிடும்' என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. லைன் வீட்டில் அந்தப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க வேறு இடம் எது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்காகத்தான் அந்த அறையைத் திறந்தீர்கள். குழு புது போர்டு வாங்கியதற்கு நீங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் வர முடியாத வாரங்களிலும் வகுப்பு நடந்தது என்றால், நீங்கள் ஆரம்பித்தது உங்கள் முன்னறையை விடப் பெரிதாகிவிட்டது.

பில்லுக்கு வருவோம். பொதுப் பணம் இருக்கிற இடத்தில் கணக்குக் கேட்பதுதான் முறை. நண்பர்கள் நாலு பேர் கைக்காசு போட்ட காலத்தில் முகமே ரசீது. இன்று வெளியாட்களும் பணம் தருகிறார்கள் என்றால் அந்தப் பையன் நாளைக்கு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் வாட்ஸ்அப்பில் கேட்டது பக்குவக் குறைவு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இதை நீங்களே அவனிடம் சொல்லலாம், மாமாவாக. ஆனால் அவன் கேட்டது கன்றுக்கும் வேலிக்கும். உங்கள் நேர்மையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஓடினவர்கள். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் ஊர் உங்கள் ஊர். உங்கள் தாத்தாவைக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் 'ஊரை விட்டு ஓடினவன்' என்று நிச்சயம் ஏசியிருக்கும். அவர் ஓடினதால்தான் உங்களுக்குச் சாம்பியன் ரீஃப் கிடைத்தது. மாரத்தஹள்ளியிலிருந்து விடுமுறை நாளில் தூங்காமல் ஊருக்கு வந்து சாக்கடை வாருகிற பையனை நீங்கள் எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்? என் கணக்கில் அவன் ஓடினவன் இல்லை. அப்படியானால் நீங்களும் இல்லை.

உங்கள் மனைவியைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அவருடைய ஆபரேஷன் உங்கள் கடிதத்தில் சாவி விவகாரத்துக்கு ஒரு காரணமாக மட்டும் வருகிறது. பார்க்கில் சிநேகிதம் பிடித்ததை ஒரு துரோகம் போல எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வலியோடு, புது இடத்தில், தனக்கென்று நாலு பேரைத் தேடிக்கொண்டவர் அவர். அவரும் அதே வீட்டைத்தான் பூட்டிவிட்டு வந்தார். அந்த வீட்டை விட்டு வந்தது அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். "விடுங்களேன்" என்பதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கலாம்.

சரி, என்ன செய்வது? நோட்டை யார் முகத்திலும் எறிய வேண்டாம், விலகவும் வேண்டாம். பில் இல்லாத செலவுக்கு வவுச்சர் எழுதி, கூட இருந்த இருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பல குழுக்களில் அப்படித்தான் செய்கிறார்கள். கைக்காசு போட்டதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள், திருப்பிக் கேட்பதற்காக இல்லாவிட்டாலும் அது குழுவின் வரலாறு. அடுத்த கூட்டத்தில், "நான் பெங்களூருக்குக் குடி வந்துவிட்டேன்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இதுதான் கஷ்டமான வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாகவே லேசாகும். எந்தச் சாக்கடை எங்கே அடைக்கும், நகராட்சியில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும், எந்தக் கன்று ஏன் பட்டுப்போனது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அந்தப் பையனை மாரத்தஹள்ளியிலிருந்து கே.ஆர்.புரத்துக்கு ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். பக்கம்தான், ஊருக்குப் போய்த்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

தூக்கத்தை மட்டும் சும்மா விட வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வாரம் இப்படியே போனால், சாப்பாட்டிலும் பிடிப்புக் குறைந்தால், டாக்டரைப் பாருங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்கிற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

வாடகைக்கு வருகிறவருக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை ஊருக்குப் போய், முன்னறையில் இருப்பதை நீங்களே நின்று குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள். மனைவியால் பயணம் முடியும் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.