சருகும் ஒரு சட்டித் தண்ணீரும்: வன்னி வளவுகளுக்கான கேள்வி பதில்

ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு ஏக்கர் வளவில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் நான். வசந்தம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பித்தது எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரை மாதங்கள்தான். காலபோக நெல் வெட்டி முடிந்திருக்கும். வேம்பு பூக்கும், முள்முருக்கு சிவக்கும், குளங்கள் கரையிலிருந்து உள்வாங்கத் தொடங்கும். பல பறவைகள் கூடு கட்டுகிற காலமும் தண்ணீர் குறைகிற காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, இல்லத்தரசி): சேர், குருவிகளுக்குச் சட்டியில் தண்ணீர் வைக்க ஆசை. டெங்கு நுளம்பு வரும் என்று வீட்டில் மறுக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வீட்டார் பயப்படுவது நியாயம், தங்கச்சி. ஆனால் நுளம்பு முட்டையிலிருந்து குடம்பியாகி, கூட்டுப்புழுவாகிப் பறந்து போக ஒரு வாரமாவது வேண்டும். நீங்கள் தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கத்தரிக் கன்றுக்கு ஊற்றிவிட்டுப் புதிது வைத்தால் எந்த நுளம்பும் பிறக்காது. ஊற்றினால் மட்டும் போதாது, தும்பால் சட்டியின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பு தண்ணீரில் அல்ல, தண்ணீரின் விளிம்பை ஒட்டிய சுவரில்தான் முட்டையை ஒட்டும்.

சட்டி அகன்றதாக இருக்கட்டும். இரண்டு விரல் ஆழம் போதும். நடுவில் ஒரு கல்லை வையுங்கள், தேனீ அதில் இறங்கி நின்று குடிக்கும். ஒரு சட்டியை மரநிழலில் உயரத்தில் வையுங்கள், இன்னொன்றைத் தரையில் வையுங்கள். தரையில் இருப்பதற்குப் புலுனிக் கூட்டம் வரும், அணில் வரும், உச்சி வெயிலில் கீரியும் வரும். பூனை பதுங்கக்கூடிய பற்றைக்கு மிக அருகில் மட்டும் வைக்காதீர்கள். கிணற்றடியில் திறந்த பீப்பாய் இருந்தால் அதற்குள் ஒரு தடியைச் சாய்த்து விடுங்கள். தண்ணீர் தேடி விழுந்த அணில் ஏறி வர வழியில்லாமல் செத்து மிதப்பதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை பார்க்க மனம் இல்லை.

கேள்வி (பரந்தன், கமக்காரர்): எங்கள் காணியில் ஷெல் விழுந்து தலை போன பனைகள் ஐந்து நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தறித்துவிடலாமா, ஐயா?

பதில்: வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழக்கூடிய தூரத்தில் நிற்பதைத் தறியுங்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எட்டத்தில் நிற்பவற்றைத் தொடுவதற்கு முன் ஒரு காலை முழுவதும் அவற்றைப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

வட்டு இழந்த பனை உள்ளே உக்கிப் பொந்தாகும். பனங்காடைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. மின்கம்பியில் மண்ணிறமாக, சோர்ந்து போனதுபோல் உட்கார்ந்திருக்கும் பறவை. வெட்டுக்கிளியைக் கண்டு இறங்கும்போது சிறகை விரிக்கும், அந்த நீலத்தை வேறு எங்கும் காண முடியாது. இந்த மாதங்களில் ஆண் பறவை உயரப் போய், கத்திக்கொண்டு புரண்டு புரண்டு விழும். துணையைக் கவரும் விளையாட்டு அது. பச்சைக்கிளியும் மைனாவும் சிறு ஆந்தையும் இதே பொந்துகளுக்காகத்தான் அலைகின்றன. கிளிக்குச் சொண்டு இருந்தாலும் வைரம் பாய்ந்த உயிர் மரத்தைக் குடைய முடியாது. உக்கிய மரம்தான் அதற்கு வேண்டும்.

உங்கள் மனக்கனத்தை நான் அறிவேன். மீள்குடியேறி வந்த நாளில் எங்கள் வளவிலும் அப்படி மூன்று நின்றன. ஒன்றில் அடுத்த வருடமே கிளி குஞ்சு பொரித்தது. அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பார்க்கும் கண் எனக்கு மாறிவிட்டது.

கேள்வி (விசுவமடு, பாடசாலை மாணவி): எங்கள் தேசிக் கன்றின் இலையில் பறவை எச்சம் போல் இருந்தது நகர்கிறது! அம்மா மருந்து அடிக்கச் சொல்கிறார்.

பதில்: அது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு, பிள்ளை. சிறு வயதில் எச்சம் போல் வேடம் போட்டுப் பறவைகளை ஏமாற்றும். வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். மெதுவாகத் தொட்டுப் பார், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். பெரிய மரம் என்றால் நாலு இலை போவதால் ஒன்றும் ஆகாது. கன்று சிறிது என்றால் புழுவை இலையோடு கிள்ளி, வளர்ந்த தேசியில் கொண்டுபோய் விடு. அம்மாவிடம் சொல்: மருந்து புழுவை மட்டும் பார்த்துக் கொல்லாது. அந்தப் புழுவைத் தின்னும் தையல்சிட்டுக் குஞ்சின் வாய்க்கும் அதுதான் போகும். கறிவேப்பிலையிலும் தேடிப் பார். அன்னமுன்னாவிலும் எருக்கலையிலும் இருப்பவை வேறு இனங்கள்.

கேள்வி (நெடுங்கேணி, அரச ஊழியர்): சருகை எரிக்காதீர்கள் என்று எப்போதும் சொல்கிறீர்கள். புடையன் பாம்பு வந்து படுத்தால் யார் பொறுப்பு?

பதில்: கூர்மையான கேள்வி. இதை மழுப்ப மாட்டேன். வன்னியில் புடையன் உண்டு, ஆட்களைக் கடித்திருக்கிறது. ஆகவே வீட்டைச் சுற்றிய முற்றத்தை எப்போதும்போல் கூட்டுங்கள். விறகு, ஓடு, கிடுகு எதையும் சுவரோரம் அடுக்காதீர்கள். நெல் சிந்தினால் எலி வரும், எலியின் பின்னால்தான் பாம்பு வரும். இரவில் ரோர்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

நான் கேட்பது வளவின் கடைக்கோடி மட்டும்தான். கூட்டிய சருகை அங்கே ஒரு மரத்தடியில் பரப்புங்கள், அதை மிதிக்காதீர்கள், கொளுத்தாதீர்கள். கொளுத்தும்போது மட்டத்தேளும் தவளையும் அரணைக்குட்டியும் சேர்ந்து எரிகின்றன. புலுனிகள் காலையில் அந்தச் சருகைப் புரட்டித்தான் குஞ்சுக்கு இரை எடுக்கின்றன. ஆறு மாதத்தில் கீழே கறுப்பாக உரம் கிடைக்கும். வாழைக்குப் போடுங்கள்.

கடித்துவிட்டால்: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 1990 அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். சாரையைக் கண்டால் விட்டுவிடுங்கள், உங்கள் எலிகளை அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (முழங்காவில்): மயில் கச்சானைக் கிளறித் தின்கிறது. ஏதாவது வழி?

பதில்: விதைத்த முதல் இரண்டு வாரமும் பாத்திக்கு மேல் பழைய மீன்வலையைத் தொங்கவிடாமல் இறுக்கிக் கட்டுங்கள். தொங்கும் வலையில் பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். இதைவிட நல்ல வழி என்னிடம் இல்லை. நஞ்சு வைக்கும் எண்ணம் வேண்டாம், மயில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை.

கேள்வி (வட்டக்கச்சி, புதுவீடு கட்டுபவர்): மதில் எழுப்பப் போகிறோம். குருவி வர என்ன மரம் நடலாம், அண்ணா?

பதில்: மதில் எழுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை. முன்பக்கம் மதில் கட்டுங்கள், மற்ற மூன்று பக்கமும் கதியால் வேலியாக இருக்கட்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு மூன்றையும் கலந்து நடுங்கள். கொண்டைக்குருவி கூடு வைப்பது வேலியில்தான். தையல்சிட்டு இலையைத் தைப்பதும், ஓணான் பூச்சி பிடிப்பதும், தேன்சிட்டு முள்முருக்குப் பூவில் தொங்குவதும் அங்கேதான். மதிலில் என்ன நடக்கும்? வேலி குழை வெட்டுவதற்கு முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள்.

மரம் என்றால், அவசரத்துக்கு ஜாம் மரம். விரைவில் காய்க்கும், பகலில் குருவியும் இரவில் வௌவாலும் வரும். பேரப்பிள்ளைகளுக்காகப் பாலையும் நாவலும் வீரையும் நடுங்கள். கன்று தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள், கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நாட்டிய பக்கத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): என் மகன் நிலத்தில் கிடந்த குருவிக்குஞ்சை எடுத்து வந்துவிட்டான்.

பதில்: செட்டை முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி மறுபடி வையுங்கள். கை பட்டால் தாய் ஏற்காது என்பது வெறும் நம்பிக்கை. செட்டை முளைத்துத் தத்தித் தத்திப் போகிறதென்றால் அது பறக்கப் பழகுகிறது. எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் வைத்துவிட்டு, பூனையைக் கட்டுங்கள். சோறும் பாலும் ஊட்டாதீர்கள்.

கேள்வி (துணுக்காய், முதியவர்): தம்பி, விடியவும் பொழுதுபடவும் கூப்பிட்ட ஆறுமணிக்குருவியின் சத்தத்தை இப்போது காணவில்லை. செத்துப்போயிற்றா?

பதில்: இல்லை ஐயா, ஊருக்குப் போய்விட்டது. இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும்தான் அது குஞ்சு பொரிக்கும். மாரிக்கு முன் எங்களிடம் வந்து, சித்திரை வாக்கில் திரும்பிவிடும். இங்கே இருக்கும் மாதங்களில் அது நிலத்தில் தத்தித் திரிந்து சருகைப் புரட்டித்தான் வயிறு வளர்க்கும். புரட்டாசிக் கடைசியிலிருந்து காது கொடுங்கள். உங்கள் பலாவடிச் சருகை அதுவரை யாரும் கொளுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.